பதினாறு சக்கரங்களும் ஒரு வாதமும்

அடிமைகள் மலிந்த சமூகத்தில் யந்திரம் வளராது என்று பல வருஷங்கள் நான் சொல்லிக்கொண்டிருந்தேன். எழுதியும் இருக்கிறேன். கிரேக்கர்களுக்கும் ரோமானியர்களுக்கும் நீர்ச்சக்கரம் தெரிந்திருந்தது; ஆனால் மாவரைக்கக் கைகளும் முதுகுகளும் மலிவாகக் கிடைத்தபோது அதைப் பரவலாக உபயோகிக்கும் அவசியம் அவர்களுக்கு ஏற்படவில்லை; அடிமைமுறை தளர்ந்த பிறகு, மத்திய காலத்தில்தான், நீராலை ஐரோப்பா முழுவதும் பரவியது. இதுதான் வாதம். கச்சிதமானது. எங்கள் மாலைக் கூட்டங்களில் இலக்கியம், சமூகம் என்று பேச்சு முற்றும்போது இதை எடுத்து வைத்தால் எதிராளி சற்று நேரம் பேசாமல் இருப்பார். ஒரே ஒரு நண்பர், கவிதை எழுதுகிறவர், சரித்திரம் அதிகம் படிக்காதவர், ஒருமுறை கேட்டார்: 'சக்கரம் சுத்துச்சோ சுத்தலையோ, அரைச்ச மாவு யார் வீட்டுக்குப் போச்சு, அதைச் சொல்லுங்க.' விஷயத்தைத் திசை திருப்புகிற கேள்வி என்று அன்று அதை ஒதுக்கிவிட்டேன்.

வாதம் பிழை என்பதற்கு ஒரு குன்றுச் சரிவு சாட்சியாக இருக்கிறது. அதைப் போய்ப் பார்த்தபோது, நண்பரின் கேள்விக்கு நான் பதிலே சொல்லவில்லை என்பதும் சேர்ந்தே உறைத்தது. இந்தக் கட்டுரை இரண்டையும் பற்றியது.

*

தெற்குப் பிரான்சில் ரோன் நதி கடலை நோக்கி இரண்டாகப் பிரிகிற இடத்தருகே ஆர்ல் நகரம் இருக்கிறது. 1888இல் வான்கோ வந்து தங்கி வரைந்தாரே, அந்த ஆர்ல்தான். ரோமானியர் காலத்தில் அதற்கு அரெலாத்தே என்று பெயர். அங்கிருந்து கிழக்கே சில மைல் தள்ளி ஃபோன்வியேய் என்ற கிராமம். அங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் ஒரு காற்றாலையைப் பார்க்க வருகிறார்கள். அல்போன்ஸ் தோதே 1869இல் 'என் காற்றாலையிலிருந்து கடிதங்கள்' என்று ஒரு புத்தகம் வெளியிட்டார். அந்தக் காற்றாலை இதுதான் என்று காட்டப்படுகிறது. தோதே அதில் வசிக்கவில்லை. பக்கத்தில் ஒரு நண்பர்கள் குடும்பத்தின் மாளிகையில் விருந்தாளியாகத் தங்கினார். ஆனாலும் அந்தப் புத்தகத்தில் நல்ல கதை ஒன்று உண்டு. நீராவி ஆலைகள் வந்து காற்றாலைகளையெல்லாம் மூடவைத்த பிறகும் ஒரு கிழவனின் ஆலை மட்டும் சுற்றிக்கொண்டிருக்கிறது. கடைசியில் மூட்டைகளைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே கோதுமை இல்லை, கல்லும் காரையும். மானத்துக்காக வெறும் ஆலையைச் சுற்றவிட்டிருக்கிறான். இலக்கியத்துக்கு ஆகி வந்த ஆலைக்கு இப்படி ஒரு சோகம் இருக்கிறது. நான் பார்க்கப் போன ஆலைக்கு இலக்கியத்தில் இடமே கிடைக்கவில்லை.

கிராமத்துக்குத் தெற்கே பார்பெகால் என்ற இடம். வயல்களுக்கும் ஆலிவ் மரங்களுக்கும் நடுவில் ரோமானியர்களின் கால்வாய், தூண்களின் மேல் வந்த கால்வாய், இடிந்து நிற்கிறது. அல்பீய் குன்றுகளிலிருந்து இறங்கி வந்தவை இரண்டு கால்வாய்கள். அவற்றில் ஒன்று ஆர்ல் நகரத்துக்குக் குடிநீர் கொண்டுபோனது. மற்றது இங்கே வருகிறது. தூண் வரிசையை ஒட்டி நடந்தால் பாதை ஒரு பாறை முகட்டில் முட்டுகிறது. முகட்டைச் சுற்றிப் போகாமல் நேராக வெட்டியிருக்கிறார்கள். கால்வாய் போன அந்த வெட்டுக்குள் மனிதன் நடந்து போகலாம். மறுபக்கம் வந்ததும் தரை காலடியிலேயே சரிந்து இறங்குகிறது. கீழே சமவெளி. தெற்கு நோக்கிய அந்தச் சரிவு முழுவதும் ஒரே கட்டடத்தின் அஸ்திவாரங்கள்.

கட்டடத்தின் அமைப்பைப் புரிந்துகொள்ள ஐந்து நிமிஷம் போதும். அவ்வளவு தெளிவான யோசனை அது. பாறை வெட்டு வழியாக வந்த தண்ணீரை உச்சியில் இரண்டாகப் பிரிக்கிறார்கள். இரண்டு வாய்க்கால்கள், ஒன்றுக்கொன்று இணையாக, சரிவில் இறங்குகின்றன. ஒவ்வொன்றிலும் எட்டு நீர்ச்சக்கரங்கள், ஒன்றின் கீழ் ஒன்றாக, படிப்படியாக. மொத்தம் பதினாறு. தண்ணீர் முதல் சக்கரத்தின் தலைமேல் விழுந்து அதைச் சுற்றிவிட்டுக் கீழே தேங்கி, அடுத்த சக்கரத்தின் தலைமேல் விழுகிறது. ஒரே தண்ணீர் எட்டு முறை வேலை செய்கிறது. சக்கரங்களை ஒட்டி அரைக்கும் அறைகள், அவையும் படிப்படியாகவே. நடுவில் ஏறி இறங்கப் படிக்கட்டு. நீளம் ஏறத்தாழ அறுபது மீட்டர், அகலம் இருபது மீட்டர். உச்சிக்கும் அடிக்கும் உயர வித்தியாசமும் கிட்டத்தட்ட இருபது மீட்டர்தான். ஒரு கோபுரத்தைச் சாய்த்துக் குன்றின்மேல் கிடத்தியது மாதிரி என்று நான் நினைத்துக்கொண்டேன். ஆனால் கோபுரத்துக்குரிய எதுவும் இங்கே கிடையாது. பார்க்கிறவனை நிறுத்தி வைக்கிற முகப்பு கிடையாது. கட்டடத்தின் உருவத்தை முழுக்கத் தண்ணீரின் இறக்கமே தீர்மானித்திருக்கிறது. நவீன கட்டடக் கலைஞர்கள் இருபதாம் நூற்றாண்டில் பெரிய பிரகடனமாகச் சொன்ன ஒன்றை ரோமானியப் பொறியாளன் பிரகடனம் இல்லாமலே செய்துவிட்டுப் போயிருக்கிறான்.

மரச்சாமான் எதுவும் மிஞ்சவில்லை. சக்கரங்கள், அச்சுகள், தொட்டிகள், பல்சக்கரங்கள் எல்லாம் போய்விட்டன. அரைகற்களின் துண்டுகள் கிடைத்திருக்கின்றன, எரிமலைப் பாறையில் செய்தவை. உள்ளே யந்திரம் எப்படி இருந்திருக்கும் என்பதற்கு விட்ருவியஸ் இருக்கிறார். கி.மு. முதல் நூற்றாண்டில் அவர் எழுதிய கட்டடக்கலை நூலின் பத்தாவது பாகத்தில் நீராலை வருகிறது. செங்குத்தாக நிற்கும் நீர்ச்சக்கரத்தின் அச்சின் மறுமுனையில் ஒரு பல்சக்கரம். அது படுக்கையாக உள்ள இன்னொரு பல்சக்கரத்தைக் கவ்விச் சுற்றுகிறது. அது மேல்கல்லைச் சுற்றுகிறது. நிற்கிற சுழற்சி படுக்கிற சுழற்சியாக மாறுகிறது. அந்த ஒரு கோணத் திருப்பத்தில் பிற்கால ஆலைகள் அத்தனையின் அடிப்படையும் இருக்கிறது.

இவ்வளவும் சேர்ந்து நாளொன்றுக்கு எவ்வளவு அரைத்திருக்கும்? முதலில் போட்ட கணக்கு 28 டன்; பிற்பாடு வந்த கணக்கொன்று 4.5 டன். இந்த இடைவெளியைப் பார்த்துச் சிரிக்கத் தோன்றலாம். ஆனால் சிறிய கணக்கை எடுத்துக்கொண்டாலும் அது ஒரு வீட்டுக்கோ பண்ணைக்கோ ஆனதல்ல. பல்லாயிரம் பேருக்கான மாவு.

*

இனி வாதத்தின் சரித்திரம். அதன் தொடக்கத்தில் ஒரு கவிதை இருப்பது நம் பத்திரிகைக்குப் பொருத்தம். தெஸ்ஸலோனிக்காவைச் சேர்ந்த அன்டிபட்டர், அகஸ்டஸ் காலத்தை ஒட்டியவர், நீராலையைப் பற்றி ஒரு சிறு கவிதை எழுதினார். மாவரைக்கும் பெண்களிடம் பேசுகிறது அது: இனி விடியும் வரை தூங்கலாம், உங்கள் வேலையை நீர்த்தேவதைகள் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். யந்திரத்தை விடுதலையாகக் கண்ட முதல் கவிஞர்களில் ஒருவர். மார்க்ஸ் 1867இல் 'மூலதனம்' முதல் பாகத்தில் யந்திரங்களைப் பற்றிய அத்தியாயத்தில் இவரைக் கூப்பிட்டு நிறுத்துகிறார். அங்கே மார்க்ஸின் குரலில் கிண்டல் இருக்கிறது. யந்திரம் வந்தால் மனிதனுக்கு ஓய்வு கிடைக்கும் என்று நம்பிய அப்பாவிகள் இந்தப் பழங்காலத்தவர்கள். வேலை நேரத்தை நீட்டுவதற்கு அதுதான் மிகச் சிறந்த வழி என்பது அவர்களுக்குத் தெரியவில்லை.

1935இல் மார்க் ப்ளோக், தான் லூசியன் ஃபெவ்ருடன் சேர்ந்து நடத்திய 'அனால்' பத்திரிகையில், நீராலையின் வருகையையும் வெற்றிகளையும் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நாங்கள் சொல்லிக்கொண்டிருந்த வாதத்தின் பிறப்பிடம் அது. கண்டுபிடித்தது பண்டைய உலகம், பரப்பியது மத்திய காலம் என்றார். பண்டைய உலகில் அடிமைகள் நிறைய இருந்தார்கள். அவர்கள் குறைந்தபோது சக்கரத்துக்கு வேலை வந்தது. இங்கிலாந்தில் 1086இல் எடுத்த கணக்கெடுப்பில் ஐந்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆலைகள் பதிவாகியிருப்பது அந்த வெற்றிக்கு அத்தாட்சி. ப்ளோக் இதை நாங்கள் சொன்ன அளவுக்கு மொட்டையாகச் சொல்லவில்லை. மொட்டையாக்கியது நாங்கள்.

கட்டுரை வந்து இரண்டு வருஷத்தில், 1937இல், ஆர்லைச் சேர்ந்த பெர்னான் பெனுவா பார்பெகாலைத் தோண்ட ஆரம்பித்தார். 1940இல் அறிக்கை வெளியாயிற்று. அந்த வருஷம் பிரான்சில் ஆலைகளைப் பற்றி யோசிக்க யாருக்கும் நேரமில்லை. ஜெர்மானியப் படை உள்ளே வந்துவிட்டது. ப்ளோக் சிப்பாயாக இருந்து தோல்வியைப் பார்த்தார், பிறகு தலைமறைவு இயக்கத்தில் சேர்ந்தார், பிடிபட்டார், 1944 ஜூன் 16 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார்.

பெனுவாவின் தேதிகூட வாதத்தை உடைக்கவில்லை. ஆலையை அவர் மூன்றாம் நூற்றாண்டின் முடிவுக்கும் நான்காம் நூற்றாண்டுக்கும் கொண்டுபோனார். ரோமானியப் பேரரசு தேய்கிற காலம். அடிமைகள் குறைகிற காலம். ஆகவே பார்பெகாலும் வாதத்துக்குள் அடங்கிவிட்டது. விதிவிலக்கு வந்து விதியைப் பலப்படுத்திய கதை. ஆர்லில் உள்ள ஒரு கல் சவப்பெட்டியில் காண்டிடியஸ் பெனிக்னஸ் என்ற தச்சரின் திறமை பொறிக்கப்பட்டிருக்கிறது. நீரை நடத்திச் செல்லும் கலையில் நிகரில்லாதவர் என்கிறது. அவரையே ஆலையின் கர்த்தாவாக பெனுவா கருதினார். 1965இல் ஃபின்லி பண்டைய உலகின் தொழில்நுட்பத் தேக்கத்தைப் பற்றி எழுதியபோது அந்தப் பார்வை ஏறக்குறைய முடிந்த முடிவாகிவிட்டது. எங்கள் கூட்டங்களுக்கு வந்து சேர்ந்ததும் அந்த முடிவுதான்.

பிறகு தேதி நகர்ந்தது. 1984இல் ஸ்வீடனைச் சேர்ந்த விகாண்டர், ரோமானியர் காலத்து நீராலைகளின் எச்சங்களைத் திரட்டிக் காட்டி, தேக்கம் என்பது ஆலைகளில் இருக்கவில்லை, நம்மிடம் வந்து சேர்ந்த சான்றுகளில்தான் இருந்தது என்று வாதிட்டார். 1990களில் பிலிப் லெவோ பார்பெகாலை மறுபடி தோண்டினார். ஆலை இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கம், டிராஜன் காலத்தை ஒட்டியது என்று ஆயிற்று. பேரரசு மிகப் பரந்து நின்ற காலம் அது. போர்களில் பிடித்த அடிமைகள் சந்தையில் நின்ற காலம். அந்தக் காலத்தில், அடிமைகளுக்குக் குறைவில்லாத ஒரு நாட்டில், பதினாறு சக்கரங்கள் ஒரு குன்றின்மேல் சுற்றியிருக்கின்றன. காலம் நகர்ந்ததும் பெனிக்னஸுடன் போட்ட முடிச்சும் தளர்ந்துவிட்டது. கட்டியவன் பெயர் இல்லாமல் கட்டடம் மட்டும் நிற்கிறது.

*

வாதம் விழுந்தது என்பதோடு நான் நிறுத்தியிருப்பேன். ஆனால் இரண்டாம் நூற்றாண்டு என்றதும் அபுலியஸ் ஞாபகம் வந்தார். அவருடைய 'தங்கக் கழுதை' நாவலில், கழுதையாக மாறிவிட்ட கதாநாயகன் ஒன்பதாம் பாகத்தில் ஒரு மாவாலைக்கு விற்கப்படுகிறான். கண்ணைக் கட்டிச் செக்கைப்போலக் கல்லைச் சுற்ற விடுகிறார்கள். கூட வேலை செய்யும் மனிதர்களை அந்தக் கழுதை பார்க்கிறது: நெற்றியில் சூடு போட்ட எழுத்துக்கள், காலில் வளையம், முதுகில் தழும்பு, மேலெல்லாம் மாவு. உலக இலக்கியத்தில் தொழிற்கூடத்துக்குள் இருந்து எழுதப்பட்ட மிகப் பழைய பக்கங்களில் ஒன்று. எழுதியது இரண்டாம் நூற்றாண்டில். பார்பெகாலின் சக்கரங்கள் சுற்றிய அதே நூற்றாண்டு.

ஆகவே சக்கரம் வந்து சங்கிலியை அகற்றவில்லை. சங்கிலி இருந்ததால் சக்கரம் வராமல் போகவும் இல்லை. ஒரே பேரரசில், ஒரே காலத்தில், இரண்டும் மாவரைத்தன. எது எங்கே லாபமோ அது அங்கே. அன்டிபட்டரின் பெண்கள் தூங்கப் போனார்களா, வேறு வேலைக்கு அனுப்பப்பட்டார்களா என்பது சக்கரத்தைப் பொறுத்த விஷயமாக இருந்திருக்காது.

மத்திய காலத்தில் என்ன நடந்தது என்பதற்கு ப்ளோக்கே ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். வாதத்தை எடுத்துக்கொண்ட நாங்கள் இதை விட்டுவிட்டோம். லண்டனுக்கு வடக்கே செயின்ட் ஆல்பன்ஸ் என்ற மடத்து நகரம். நகரத்தார் தங்கள் தானியத்தை மடத்தின் ஆலையில்தான் அரைக்கவேண்டும், கூலி கொடுக்கவேண்டும். வீட்டில் திருகை வைத்துக்கொள்ளக்கூடாது. பல பத்தாண்டுகள் நீடித்த வழக்கு அது. 1331இல் மடாதிபதி வென்றார். வீடுகளிலிருந்து திருகைகள் பிடுங்கப்பட்டன. அந்தக் கற்களை மடத்தின் கூடத்தில் தளவரிசையாகப் பதித்தார்கள். ஐம்பது வருஷம் அதன்மேல் நடந்தார்கள். 1381இல் குடியானவர் கிளர்ச்சி வெடித்தபோது நகரத்தார் மடத்துக்குள் புகுந்து தளத்தைப் பெயர்த்தார்கள். கற்களை உடைத்துத் துண்டு துண்டாக ஆளுக்கொன்று கொடுத்தார்கள், கோயிலில் பிரசாத ரொட்டி கொடுப்பது போல. எதிர்த் தரப்பில் இருந்த மடத்துத் துறவி ஒருவரே இதை எழுதிவைத்திருக்கிறார். ஒரு மாதத்துக்குள் கிளர்ச்சி நசுக்கப்பட்டது. அதன் குரலாக இருந்த ஜான் பால் என்ற பாதிரியார் அதே ஊரில் கொல்லப்பட்டார்.

திருகைகளைப் பறித்த மடாதிபதி யார் என்று தேடிப் பார்த்தேன். ரிச்சர்ட் ஆஃப் வாலிங்ஃபோர்ட். ஒரு கொல்லரின் மகன். வானசாஸ்திரி. கிரகங்களின் கதியைக் காட்டும் ஒரு கடிகாரத்தை அந்த மடத்துக்காக வடிவமைத்தவர். பல்சக்கரங்களை அந்தக் காலத்தில் அவர் அளவுக்கு அறிந்தவர் ஐரோப்பாவில் அதிகம் பேர் இருந்திருக்க மாட்டார்கள். தொழுநோயோடு வாழ்ந்து 1336இல் இறந்தார். இவரை வில்லனாக்க எனக்கு மனம் வரவில்லை. வானத்தைச் சக்கரங்களாகப் புரிந்துகொண்ட மூளைதான் கிழவிகளின் திருகையையும் பிடுங்கியது என்பதை அப்படியே வைத்துவிட்டுப் போகவேண்டியதுதான்.

எங்கள் வீட்டில் திருகையை 'ஏந்திரம்' என்பார்கள். உளுந்து உடைக்க, கேழ்வரகு அரைக்க. சின்ன வயதில் அந்த வார்த்தை எனக்கு அந்த ஒரு சாமானின் பெயர் மட்டுமே. யந்திரம் என்றால் ஆளை மீறியது, வெளியிலிருந்து வந்தது என்று நாம் எழுதிக்கொண்டிருக்கும்போது, வீட்டுப் பெண்கள் தங்கள் கையால் சுற்றிய கல்லுக்கு அந்தப் பெயர் இருந்திருக்கிறது. செயின்ட் ஆல்பன்ஸ்காரர்கள் காத்துக்கொள்ள நினைத்ததும் ஒரு யந்திரத்தைத்தான். ஆலையைவிட மோசமான யந்திரம், கை வலிக்கிற யந்திரம். ஆனால் அதற்கு மதகு கிடையாது. மதகை மூட வேறொருவன் கிடையாது.

*

பார்பெகாலுக்குத் திரும்புகிறேன். மாவு யார் வீட்டுக்குப் போனது?

மரம் மக்கிப் போனாலும் ஒன்று மிஞ்சியிருந்தது. அல்பீய் குன்றுகளின் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். வெந்நீர்ப் பாத்திரத்தின் உட்புறம் வெள்ளையாகப் படிகிறதே, அதுபோல் சக்கரங்களின் மேலும் மரத்தொட்டிகளின் உள்ளும் அது படிந்து கல்லாக இறுகியது. மரம் போனபிறகு மரத்தின் அச்சாக அந்தக் கல் நின்றது. இப்படி 142 துண்டுகள் தோண்டலில் கிடைத்து ஆர்ல் அருங்காட்சியகத்தில் இருந்தன. ஆராய்ச்சியாளர் குழு ஒன்று அவற்றைச் சோதித்து 2018இல் முடிவுகளை வெளியிட்டது. மர வளையங்களைப் போலப் படிவுகளிலும் வருஷத்துக்கு வருஷம் அடுக்கு தெரிகிறது. கோடையின் கடைசியிலும் இலையுதிர் காலத்திலும் அடுக்கு விட்டுப்போயிருக்கிறது. வருஷா வருஷம் சில மாதங்கள் ஆலை நின்றிருக்கிறது.

நகரத்துக்கு ரொட்டி கொடுக்கிற ஆலை அப்படி நிற்க முடியாது. நகரம் வருஷம் முழுவதும் தின்னும். குளிர்காலத்தில் நிற்பது கப்பல்தான். ஆகவே இந்த மாவு ஆர்ல், ஃபோசே மரியானே துறைமுகங்களிலிருந்து புறப்பட்ட கப்பல்களுக்கு, மாதக்கணக்கில் கெடாத கெட்டி ரொட்டி செய்யப் போயிருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். ஊகம்தான். ஆனால் முதன்முறையாக யாரோ என் நண்பரின் கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். அடிமை இருந்தானா, யந்திரம் ஏன் வரவில்லை என்று ஒரு நூற்றாண்டாகக் கேட்டவர்கள் பார்க்காத இடத்தில், கழிவாகப் படிந்த சுண்ணாம்பில், ஆலையின் நாட்குறிப்பு இருந்திருக்கிறது.

இங்கிலீஷில் மாவாலையின் பெயரான 'மில்' பிறகு பஞ்சாலையின் பெயரானது. காரணம் தண்ணீர்தான். 1771இல் ஆர்க்ரைட் கிராம்ஃபோர்டில் நூற்பு யந்திரங்களை நீர்ச்சக்கரத்தோடு பூட்டினார். மாவு போய் நூல் வந்தது, பெயர் தங்கிவிட்டது. அந்தப் பெயர் கப்பலேறி நம் ஊருக்கும் வந்தது. 1930களில் பைக்காராவின் தண்ணீர் மின்சாரமாக இறங்கியபோது கோயமுத்தூரில் மில்கள் பெருகின. என் நண்பரின் தகப்பனார் அப்படி ஒரு மில்லில் ஷிப்ட் பார்த்தவர். வேஷ்டி நெய்யப் போகும் நூலை இழுத்துக்கொண்டு, ஒட்டுப்போட்ட வேஷ்டியோடு வீடு வந்தவர். கேள்வி எங்கிருந்து வந்தது என்று அன்று நான் யோசிக்கவில்லை.

பழைய கட்டுரையில் அந்த வாக்கியத்தை அடித்துவிட்டேன். சரிவின் நடுப்படிக்கட்டில் உட்கார்ந்து குறித்துக்கொண்டவற்றை, கப்பல் ரொட்டி உட்பட, ஊர் வந்ததும் நண்பருக்கு எழுதினேன். கடைசியில் அவர் கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டது என்று கொஞ்சம் பெருமையாகவே எழுதியிருந்தேன். ஒரே வரியில் பதில் வந்தது:

'கப்பல்ல அதைத் தின்னவன் யாரு?'